கடைசி வரிசை மாத்திரைகள்

எங்கள் கட்டடத்தில் என்னை எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. ஒரு பல் ஆஸ்பத்திரியின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்கிறவள். வேலையில் ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். முதல் நாள் அதைக் கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். படிக்கட்டில் எதிர்ப்பட்ட மூன்றாம் மாடித் தையற்காரம்மா, "ஆஸ்பத்திரியிலயா வேலை?" என்று கண்ணை விரித்தாள். ஆமாம் என்றேன். பல் என்ற வார்த்தை மட்டும் வாயை விட்டு வரவில்லை. அதற்கப்புறம் கோட்டைக் கழற்றாமல் வருவது பழக்கமாகிவிட்டது.

பதினோரு வருஷம். தலைவலி, மூட்டுவலி, யாரோ எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டு என்று எதைக் கொண்டுவந்தாலும் நான் ஒரு பதில் வைத்திருப்பேன். பாதி, டாக்டர் அறைக்குள்ளிருந்து காதில் விழுந்தது. மீதி, வாய்க்கு வந்தது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் என் வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. இருமல் வந்தால்கூட எனக்குத் தெரியாமல் பாத்ரூமில் போய் இருமிவிட்டு வருவார். நான் அவரை முறைப்பேன். இப்போது நினைத்தால் அந்த வீட்டிலேயே புத்தியுள்ள ஆள் அவர்தான்.

தம்பி எங்களுக்கு நேர் கீழே முதல் மாடியில் இருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக். அவன் சமையலறை ஜன்னலும் என் சமையலறை ஜன்னலும் ஒன்றுக்கு மேல் ஒன்று. அவன் மனைவி தாளிப்பது எனக்குத் தும்மலாக வரும், நான் பாத்திரம் போட்டால் அவர்கள் குழந்தை முழித்துக்கொள்ளும். அந்தக் குழந்தை பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெரிய டாக்டர் தம்பியைக் கூப்பிட்டு வைத்துத் தெளிவாகச் சொன்னார்: தையல் நன்றாக ஆற வேண்டும், இரண்டு வருஷத்துக்குள் அடுத்தது கூடவே கூடாது, வந்தால் அவள் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தம்பி அதை என்னிடம் சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. அவன் நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

குழந்தைக்கு ஆறு மாசம் ஆனபோது, தாய்ப்பால் கொடுக்கிறவர்கள் போடக்கூடிய மாத்திரை என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு அட்டையைக் கொடுத்து அனுப்பினாள். நாலு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் இருபத்தெட்டு. தம்பி மனைவி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். காலையில் ஏழரைக்கு செல்போனில் அலாரம் வைத்தாள். சேவல் கூவுகிற சத்தம். அது என் ஜன்னல் வழியாக மேலே ஏறி வரும். தம்பி தினமும், "கட்டடத்துல ஒரே ஒரு சேவல், அதுவும் குடும்பக் கட்டுப்பாடு பண்ற சேவல்" என்று சொல்லிச் சிரிப்பான். அவள் வெட்கப்பட்டு அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

மூன்றாவது வரிசை முடியப் போகிற ஞாயிற்றுக்கிழமை நான் கீழே போயிருந்தேன். ஞாயிறு காலை அவர்கள் சமையலறை மேஜையில்தான் என் தர்பார். அவள் அட்டையைக் காட்டினாள்.

"அண்ணி, இன்னியோட மூணு வரிசை முடியுது. நர்ஸ் விடாம போடச் சொன்னாங்க. ஆனா இன்னும் எனக்கு மாதவிலக்கு வரவே இல்ல. அது பரவாயில்லையா?"

அவள் கேட்டது ஒன்று. நர்ஸிடம் கேள் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. நான் அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"விடாம போட்டா எப்படி வரும்? கடைசி வரிசை மாத்திரையே இல்லடி. வெறும் இரும்புச் சத்து. நானும் என் காலத்துல போட்டவதான். மூணு வரிசை போடணும், ஒரு வாரம் விடணும், அப்பத்தான் உடம்புல சேர்ந்தது இறங்கும். அப்புறம் புது அட்டை."

"எல்லாம் ஒரே கலரா இருக்கே அண்ணி?"

நியாயமான கேள்வி. என் காலத்து அட்டையில் கடைசி வரிசை மட்டும் பழுப்பாக இருக்கும். இதில் எல்லாமே வெள்ளை. ஒரு நிமிஷம் எனக்கே இடித்தது. ஆனால் எதிரில் தையற்காரம்மா உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பல்லாம் கம்பெனிக்காரன் செலவை மிச்சம் பண்றான். எல்லாத்தையும் ஒரே கலர்ல அடிச்சுத் தள்ளிடறான்."

எப்படி வந்தது அந்த வாக்கியம் என்று இன்றுவரை தெரியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. டப்பாவுக்குள் ஒரு காகிதம் இருந்தது, பொடி எழுத்தில், இரண்டு பக்கமும். அவள் அதைப் பிரித்துப் படிக்கப் போனாள். "இதெல்லாம் படிச்சா இல்லாத நோயெல்லாம் வந்துடும்" என்று பிடுங்கி, எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் செருகினேன். மேஜை நின்றது. தம்பி, "பாத்தியா, டாக்டரம்மா மேஜைக்கும் வைத்தியம் பண்ணிட்டாங்க" என்றான். எல்லாரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை ஏழரைக்குச் சேவல் கூவவில்லை. செவ்வாய், புதனும் கூவவில்லை. என் பேச்சுக்கு எவ்வளவு மரியாதை என்று ஜன்னலடியில் நின்று பூரித்துப் போனேன். சத்தியமாகப் பூரித்துப் போனேன்.

வியாழக்கிழமை பல் பிடுங்க ஒரு பெண் வந்தாள். பஸ் கண்டக்டர், சீருடையோடு வந்திருந்தாள், ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று ஒரு கேள்வி எங்கள் படிவத்தில் உண்டு. அவள் மாத்திரைப் பெயரைச் சொன்னாள். தம்பி மனைவியின் அட்டையில் இருந்த அதே பெயர். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இது போடற வாரமா, விடற வாரமா?"

"இதுல விடற வாரமே கிடையாதுங்களே" என்றாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "இருபத்தெட்டும் மருந்துதான். ஒரு அட்டை முடிஞ்சா மறுநாளே அடுத்தது. வழக்கமான நேரத்துலேர்ந்து மூணு மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போனாலே ரெண்டு நாளைக்கு வேற பாதுகாப்பு வேணும்னு நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும், அதனால டிக்கெட் பைக்குள்ளயே வெச்சிருக்கேன்."

"அது வேற, இது வேற" என்றேன். கை படிவத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தது.

அவள் போனதும் டாக்டர் அறைக்குள் நுழைந்து கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றியபடி, "எனக்குத் தெரியாதும்மா. நான் பல்லைப் பாக்கறவன். மருந்துக்கடையில கேளுங்க" என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! பதினைந்து வருஷம் படித்த மனுஷன், தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார்.

மருந்துக்கடைப் பெண் கண்டக்டர் சொன்னதையே சொன்னாள். இந்த வகையில் எல்லாமே மருந்து. பழுப்பு வரிசை வருவது வேறு வகை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாலு நாள் விட்டிருந்தால் இன்றைக்கே ஒரு மாத்திரை போட்டு ஆரம்பிக்க வேண்டும், இரண்டு நாளைக்குச் சேரக் கூடாது, அல்லது ஆணுறை போட வேண்டும். "இந்த நாலு நாள்ல ஏதாவது நடந்திருந்தா அவசரத்துக்குப் போடற மாத்திரை தனியா இருக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவங்களையே இன்னிக்கு வரச் சொல்லுங்க. யாருக்குங்க?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பாச் சொல்லிட்டேன்டி, வா, மருந்துக்கடைக்குப் போவோம். ஐந்து வார்த்தை. முதல் மாடிக் கதவைத் தள்ளினால் தம்பி, அவன் கூட வேலை செய்கிற இருவர், தையற்காரம்மா, எல்லாரும் இருந்தார்கள். "வாங்க டாக்டரம்மா!" என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் சிநேகிதன் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

தம்பி மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டேன். அங்கே யாரும் இல்லை. அங்கேயாவது சொல்லியிருக்கலாம்.

"இந்தா, மாத்திரையை இப்பவே ஒண்ணு போட்டு ஆரம்பிச்சுடு. உன் உடம்புக்கு நாலு நாள் விட்டது போதும்."

"ஒரு வாரம்னு சொன்னீங்களே?"

"பால் கொடுக்கற உடம்புக்கு நாலு நாள்தான். நாளையிலேர்ந்து சேவலைக் கூவ விடு."

அவள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு அட்டையை எடுத்தாள். இரண்டு நாள் பாதுகாப்பு என்பதை நான் சொல்லவில்லை. அவசர மாத்திரையைச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். பூசி மெழுகிவிட்டு, வெளியே வந்து, எழுந்து நின்ற அந்தப் பையனுக்கு முதுகுவலிக்கு என்ன செய்யலாம் என்று யோசனை வேறு சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

மூன்று வாரம் போனது. தினமும் ஏழரைக்குச் சேவல் கூவியது. ஒவ்வொரு கூவலும் என்னைக் காட்டிக்கொடுப்பதற்கே கூவுகிற மாதிரி இருந்தது. ஜன்னலைச் சாத்திவைத்தேன், ஞாயிற்றுக்கிழமை தர்பாருக்கும் போகவில்லை. வீட்டுக்காரர், "புழுங்குதே" என்றார். "குளிருது எனக்கு" என்றேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை கீழே போனபோது அவள் பாத்ரூமில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளும் எடுத்தாளாம். தம்பி கதவுக்கு வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. பயந்த ஆம்பிளைக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ஒரு மாத்திரை! தினமும் ஒரே ஒரு மாத்திரை! அதைக்கூட ஒழுங்காப் போட முடியாதா உனக்கு? அலாரம் வெச்சும் மறந்தியா?"

"நான் ஒரு நாளும் மறக்கல" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"மறக்காம எப்படி ஆகும்? டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா? உனக்கு உன் உசுரு விளையாட்டாப் போச்சா?"

தையற்காரம்மா மேஜையருகே வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது. தம்பி என் பக்கம் திரும்பினான்.

"நீயே சொல்லுக்கா. நீ இவ்ளோ சொல்லிக் கொடுத்தும் இப்படிப் பண்ணிட்டாளே."

அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சில பேருக்கு நேரம் தவறிப் போறது உண்டுதான்" என்றேன் நான்.

சொல்லிவிட்டு, உட்காருவதற்காக மேஜையில் கையை ஊன்றினேன். மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. மேலே இருந்த டீ சரிந்து என் சேலையில் கொட்டியது. குனிந்து பார்த்தேன். காலுக்கு அடியில் காகிதம் இல்லை.

அவள் அதை எடுத்திருக்கிறாள். பிரித்திருக்கிறாள், படித்திருக்கிறாள். கடைசி வரிசை எதுவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. டீக் கறையைத் துடைக்கிற சாக்கில் மாடிக்கு ஓடி வந்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கறையைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் யாரிடமும் திட்டு வாங்கி நான் இப்படிக் கூனிக் குறுகியதில்லை. அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தம்பிக்கு ஒரு லிஃப்ட் நின்றுபோய் அவசர வேலை. ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். குழந்தை மட்டும் என் கோட்டு இல்லாத தோளில் எதையோ தேடிப் பிசைந்துகொண்டிருந்தது.

அதே நர்ஸ்தான் இருந்தாள். எப்போது விட்டீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்ப ஆரம்பித்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை வைத்தாள்.

"நான்தான் அவ்வளவு தெளிவாச் சொன்னேனேம்மா, இடைவெளி கிடையாதுன்னு. விடச் சொல்லி யார் சொன்னது?"

தம்பி மனைவி குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கைகழுவும் முறை ஒட்டியிருந்தது.

"நான்தான்" என்றேன்.

"நீங்க மருத்துவத் துறையா?"

"பல் ஆஸ்பத்திரியில பேர் எழுதறேன்."

நர்ஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்து அவளை உள்ளே அனுப்பினாள். கால்மணி நேரம் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தக் கால்மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வமில்லை.

இல்லை என்று வந்தது. நர்ஸ் இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள். "மூணு வாரம் தாண்டினதால இதை நம்பலாம். இந்த மாத்திரையில சிலருக்கு மாசாமாசம் வராமலே இருக்கும், அதுக்காகப் பயந்து விடக் கூடாது. வாந்தி வயித்துக் கோளாறுதான். ஆனா ஒண்ணு, மாத்திரை போட்ட உடனே வாந்தி எடுத்தா..."

"இன்னொண்ணு போடணும்" என்றாள் தம்பி மனைவி. "நேத்தும் போட்டேன். காகிதத்துல இருந்துச்சு."

வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஒதுங்கி நின்று காத்திருந்தாள்.

"எப்ப படிச்சே?" என்று கேட்டேன்.

"திரும்ப ஆரம்பின்னு நீங்க சொன்னப்பவே உங்க முகம் சரியில்ல. ஒரு வாரம் கழிச்சு எடுத்துப் பாத்தேன். அதுக்குள்ள ஜாக்கிரதையா இருக்க வேண்டிய நாளெல்லாம் தாண்டிப் போச்சு."

"என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமேடி?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன் அண்ணி." குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். "தெரியாம சொன்னீங்க, அது போகட்டும். நேத்து அத்தனை பேர் முன்னாடி அவர் கேட்டப்போ, அப்பவாவது சொல்லியிருக்கலாம். டெஸ்ட் ரிசல்ட்டை நான் அவர்கிட்ட சொல்லிடறேன். மத்ததை நான் சொல்ல மாட்டேன்."

அவள் சொல்லவும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் தம்பி பழையபடி கலகலப்பாகிவிட்டான். அடுத்த ஞாயிறு காலை ஏழேகாலுக்கே என்னைக் கீழே கூப்பிட்டான். தையற்காரம்மா புதிதாக எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரைகளை மேஜையில் பரப்பி எனக்காகக் காத்திருந்தாள். மேஜை ஆடிக்கொண்டிருந்தது.

"தப்பிச்சோம்க்கா" என்றான் தம்பி. "இனிமே இவ சேவலை நம்பறதா இல்ல. இவ மறதிக்கு நீதான் அலாரம். தினமும் மேலேர்ந்து ஒரு குரல் கொடுத்துடு."

தையற்காரம்மா சிரித்தாள். தம்பி மனைவி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது.

"அவ ஒரு நாளும் மறக்கலடா" என்றேன்.

"நீ அவளுக்குப் பரிஞ்சு பேசாதே."

"பரிஞ்சு பேசல. கடைசி வரிசை வெறும் இரும்புச் சத்து, ஒரு வாரம் விடுன்னு நான்தான் சொன்னேன். எல்லாமே மருந்துதான். எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அப்புறம் வேலையில ஒரு பொண்ணு சொல்லித் தெரிஞ்சுது. அன்னிக்கே மருந்துக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். வெட்கப்பட்டுக்கிட்டு மறைச்சுட்டேன். போன வாரம் நீ கேட்டப்பவும் நேரம் தவறியிருக்கும்னு பொய் சொன்னேன்."

தம்பியின் வாயில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் இவளை எல்லார் முன்னாடியும் திட்டினேனேக்கா" என்றான் கடைசியில். "நீ பாத்துக்கிட்டுதானே நின்னே?"

"ஆமாம்" என்றேன்.

அவன் மனைவியிடம் போனான். அவள் தோள்மீது கை வைக்கப் போனவன் வைக்காமல் எடுத்துக்கொண்டு உள் அறைக்குள் போய்விட்டான். தையற்காரம்மா மேஜையில் பரப்பியிருந்த மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓசைப்படாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "பால் அடுப்புல இருக்கு, அப்புறம் வரேன்" என்று யாருக்கோ சொல்லிவிட்டு எழுந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது டாக்டரம்மா என்று சொல்லவில்லை.

நானும் போவதற்கு எழுந்தேன். அப்போது ஏழரை ஆனது. அலமாரி மேல் இருந்த செல்போனில் சேவல் கூவியது.

"அண்ணி, கொஞ்சம் பிடிங்க" என்று அவள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். அட்டையை எடுத்து, கடைசி வரிசையில் அன்றைக்கு உரியதை அழுத்தி எடுத்து, வாயில் போட்டு, தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்தாள். நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், கையைத் துடைத்தாள், திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"குழந்தைக்கு ரெண்டு நாளா மூக்கு அடைக்குது" என்றாள், என்னைப் பார்க்காமல். "என்ன பண்ணலாம்?"

பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது, பதினோரு வருஷப் பழக்கம். விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.